வர்ஜீனியாப் புகையிலை துறைமுகம் போய்ச் சேர்ந்த விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவைச் சுற்றியுள்ள வர்ஜீனியாவும் மேரிலாந்தும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் புகையிலையை நம்பியே வாழ்ந்தன. வயலில் விளைந்த இலை லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் போகும் கப்பலை எப்படி எட்டியது என்பதைப் பற்றி அதிகம் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். எல்லாப் பதில்களிலும் ஒரு பொருள் திரும்பத் திரும்ப வரும்: பீப்பாய். பாதை, படகு, சட்டம், பணம் என அங்கே எதை எடுத்தாலும் அந்தப் பீப்பாயின் அளவையும் எடையையும் ஒட்டித்தான் அமைந்திருந்தது.

எவ்வளவு புகையிலை போனது?

ஆங்கிலக் குடியேறி ஜான் ரோல்ஃப் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் மேற்கிந்தியத் தீவுப் பக்கத்து விதையைப் போட்டுப் பார்த்தது 1612இல். அமெரிக்கப் புரட்சிக்குச் சற்று முன், அதாவது 1770களின் தொடக்கத்தில், இரண்டு குடியேற்றங்களும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 10 கோடி பவுண்டு (இங்கே பவுண்டு என்பது எடை, சுமார் 450 கிராம்) புகையிலையை ஏற்றுமதி செய்தன. ஒரு பீப்பாய்க்கு 1,000 பவுண்டு என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பீப்பாய். ஒவ்வொன்றையும் யாரோ அடைத்து, யாரோ நகர்த்தி, யாரோ கப்பலில் ஏற்ற வேண்டியிருந்தது.

ஏன் பீப்பாய்? மூட்டையாகவோ சிப்பமாகவோ கட்டியிருக்கலாமே?

தொடக்கத்தில் கயிறு போல முறுக்கிய சுருளாகவும், உதிரி இலையாகவும்கூட அனுப்பினார்கள். மூன்று காரணங்களால் பீப்பாய் வென்றது. முதலாவது, பாடம் செய்த இலை கடல் ஈரத்தை உறிஞ்சும். சாக்கில் கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும், இறுக்கி அடைத்த பீப்பாய்க்குள் ஈரக்காற்று எளிதில் புகாது. இரண்டாவது, கப்பலில் இடம்தான் காசு. மூட்டையில் கையால் திணிப்பதைவிடப் பீப்பாயில் நெம்புகோல் வைத்துப் பல மடங்கு அழுத்தலாம். மூன்றாவது, பீப்பாய் உருளும். பாலமும் நல்ல சாலையும் இல்லாத நாட்டில் 450 கிலோவைத் தூக்காமல் நகர்த்த வேறு மலிவான வழி கிடையாது.

உதிரி இலைக்கு இன்னொரு குறையும் உண்டு. சிறு பொட்டலமாகப் பிரித்துக் கரையிறக்கிச் சுங்கத்தை ஏய்ப்பது எளிது. 1699இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் உதிரிப் புகையிலை இறக்குமதியைத் தடை செய்தது. அதற்குப் பிறகு பீப்பாயைத் தவிர வேறு வழியே இல்லாமல் போனது.

அந்தப் பீப்பாயின் அளவும் எடையும் என்ன?

ஹாக்ஸ்ஹெட் என்று பெயர். 1658இல் வர்ஜீனியாச் சட்டம் நீளம் 43 அங்குலம், தலைப்பலகையின் குறுக்களவு 26 அங்குலம் என்று வரம்பு வைத்தது. 18ஆம் நூற்றாண்டில் நிலைபெற்ற அளவு 48 அங்குலம் நீளம், 30 அங்குலம் தலை. நின்றால் நான்கு அடி உயரம், நடுவில் சற்றே பருத்த வயிறு.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பீப்பாயில் 500 பவுண்டு பிடித்தாலே அதிகம். நூறு ஆண்டு கழித்து 1,000 பவுண்டு சாதாரணம், அதற்கு மேலும் போனதுண்டு. வெற்றுப் பீப்பாயின் எடை சுமார் 100 பவுண்டைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகப் பாதையில் உருண்டது அரை டன்.

அளவுக்குச் சட்டம் எதற்கு?

கணக்கு அப்படி இருந்தது. கப்பல் கூலியை எடைக்கு வாங்கவில்லை. நான்கு பீப்பாய் ஒரு டன் என்று வைத்துத் தலைக்கணக்கில் வாங்கினார்கள். வர்ஜீனியாவின் ஏற்றுமதி வரியும் பீப்பாய் ஒன்றுக்கு 2 ஷில்லிங். உள்ளே 600 பவுண்டு இருந்தாலும் 1,100 பவுண்டு இருந்தாலும் கூலியும் வரியும் ஒன்றே. இப்படி இருந்தால் தோட்டக்காரர் என்ன செய்வார்? பீப்பாயைப் பெரிதாக்குவார், இருக்கிற பீப்பாயில் இன்னும் அழுத்துவார். கப்பல்காரர்களுக்கு நட்டம், அளவு மாறிய பீப்பாய்கள் சரக்கறையில் ஒழுங்காக அடுக்க வராது. அவர்கள் புகார் செய்யச் செய்யச் சட்டம் வந்தது. அளவைக் கட்டிப்போட முடிந்தது, அழுத்தத்தைக் கட்டிப்போட முடியவில்லை. எடை ஏறிக்கொண்டே போனதற்கு இதுதான் காரணம்.

பீப்பாயை எப்படிச் செய்தார்கள்?

பக்கச் சட்டங்களுக்கு, அதாவது பீப்பாயின் சுற்றுச்சுவராக நிற்கும் பலகைகளுக்கு, வெள்ளை ஓக்; வளையங்களுக்கு ஹிக்கரி என்ற உறுதியான மரத்தின் பிளந்த இளங்கழி. இரும்பு வளையம் பெரும்பாலும் கிடையாது, விலை கட்டாது. இதில் புகையிலைப் பீப்பாய் மதுப் பீப்பாயிலிருந்து வேறுபடுகிறது. உள்ளே திரவம் இல்லாததால் ஒழுகாத அளவுக்குச் சீவி இழைக்கத் தேவையில்லை. ஆனால் உருளும்போது தெறிக்காத பலம் வேண்டும்.

மரம் நன்றாக உலர்ந்திருப்பது முக்கியம். பச்சை மரத்தில் செய்தால் இரண்டு கெடுதல். உலர உலரச் சட்டங்கள் சுருங்கி இடைவெளி விடும், வளையம் தளரும். இன்னொன்று எடை மோசம்: வெற்றுப் பீப்பாயை நிறுத்து அதன் எடையைச் சூடு போட்டுப் பொறித்துவிடுவார்கள், பச்சை மரம் வழியில் உலர்ந்து எடை குறைந்துவிட்டால், அக்கரையில் மொத்த எடையிலிருந்து கழிக்கும் கணக்கு தப்பாகும். தோட்டத்திலேயே பீப்பாய்த் தச்சர் இருப்பார். பெரிய தோட்டங்களில் அவர் அடிமைப்படுத்தப்பட்டவராகவே இருப்பார், அந்தத் தோட்டத்தின் மிகத் தேர்ந்த கைவினைஞர்களில் ஒருவராகவும் இருப்பார்.

இலையை அடைக்கும் முறை என்ன?

பயணத்தின் வெற்றி தோல்வி பாதி இங்கேயே முடிவாகிவிடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கோடைக் கடைசியில் செடியை அடியோடு வெட்டி, கழியில் கோத்து, காற்றோட்டமுள்ள கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். ஐந்தாறு வாரத்தில் இலை பாடமாகும். அதன் பிறகு உடனே கை வைக்கக் கூடாது. வறண்ட நாளில் தொட்டால் நொறுங்கிப் பொடியாகும். மழையோ மூடுபனியோ வந்து காற்றில் ஈரம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். இலைப்பகுதி தோல் போல மடங்க வேண்டும், விரலில் இழுத்தால் கிழியக் கூடாது. ஆனால் நடுக்காம்பை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். அதுவே சரியான பதம். காம்பும் வளைந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். அப்படி அடைத்த பீப்பாய் உள்ளுக்குள் சூடேறி, கப்பல் அக்கரை சேரும்போது நடுவில் கறுத்து அழுகியிருக்கும். வெளிப்பக்கம் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பதம் வந்ததும் இறக்கி, குவித்து, தண்டிலிருந்து இலையைப் பிரித்து, தரம் பார்த்து, சில இலைகளைச் சேர்த்து இன்னோர் இலையாலேயே கைப்பிடிக் கட்டாகக் கட்டுவார்கள். பீப்பாய்க்குள் ஓர் ஆள் இறங்குவார். காம்புப் பக்கம் சட்டத்தை ஒட்டியும் நுனி உள்நோக்கியும் இருக்கும்படி கட்டுகளை வட்டமாக அடுக்கி, காலாலும் முழங்காலாலும் மிதித்துக்கொண்டே மேலே வருவார். நிரம்பியதும் பலகை வைத்து மூடி, நெம்புகோலைப் போடுவார்கள். இது ஒரு முழு மரத்தண்டு. ஒரு முனை உறுதியான கம்பத்திலோ வேரோடு நிற்கும் மரத்திலோ துளைத்துச் செருகப்பட்டிருக்கும்; மறுமுனையில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். சில மணி நேரத்தில் இலை பாதிப் பீப்பாய்க்கு இறங்கிவிடும். கல்லை எடுத்து, மறுபடி அடுக்கி, மறுபடி அழுத்த வேண்டும். இப்படிப் பல தடவை செய்தால்தான் 1,000 பவுண்டு உள்ளே போகும்.

அவசரப்பட்டு ஒரே அழுத்தில் முடிக்கப் பார்த்தால் சட்டம் பிதுங்கும், வளையம் அறும். அழுத்தம் போதாவிட்டால் உருளும்போது உள்ளே இலை ஒன்றோடொன்று உராய்ந்து தூளாகும். குளிர்காலம் முழுக்கவும் வசந்தத்தின் ஒரு பகுதியும் இந்த வேலைக்கே போகும்.

பீப்பாயை உருட்டிக்கொண்டே போனார்கள் என்பது உண்மையா? எப்படி?

உண்மைதான், ஆனால் கையால் தள்ளியது கரையோரத்துச் சிறு தூரங்களுக்கு மட்டுமே. ஆற்றங்கரையிலுள்ள தோட்டத்தில் கொட்டகையிலிருந்து துறைக்கு இரண்டு மூன்று பேர் தள்ளிக்கொண்டு போவார்கள். உள்நாட்டுக்காரர்களுக்குக் குதிரை அல்லது எருது வேண்டும்.

இரு பக்கத் தலைப்பலகையின் நடுவிலும் தடித்த மர முளையை அடிப்பார்கள். இரண்டு நீண்ட இளமரக் கழிகளை எடுத்து, பின்முனையில் துளையிட்டு, அந்த முளைகளில் மாட்டுவார்கள். முன்முனை குதிரையின் இரு பக்கமும் ஏர்க்காலாக வரும். கழிகள் விலகாமல் குறுக்குக் கட்டை ஒன்று கட்டப்படும். இப்போது பீப்பாயே சக்கரம், முளையே அச்சு.

கயிறு கட்டி இழுத்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் இறக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அரை டன் பின்னாலிருந்து உருண்டு வந்தால் குதிரையின் காலில் ஏறிவிடும். வளையாத கழி மட்டுமே அதைத் தள்ளி நிறுத்தும்.

தொலைதூரம் போகும் பீப்பாய்க்கு ஹிக்கரி வளையங்களைக் கூடுதலாகவும் தடிமனாகவும் போடுவார்கள். தரையில் தேய்வது சட்டமாக இல்லாமல் வளையமாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். இன்னும் கவனமானவர்கள் வண்டிச் சக்கர விளிம்பு போன்ற வளைந்த மரத்துண்டுகளைப் பீப்பாயைச் சுற்றி இரண்டு இடத்தில் பதித்துவிடுவார்கள். அப்போது பீப்பாயின் வயிறு தரையைத் தொடாது, சேறும் தண்ணீரும் சட்ட இடுக்கில் புகாது.

இந்த அளவுள்ள பீப்பாய் ஒரு மைல் போக ஏறத்தாழ 600 சுற்று உருள வேண்டும். நூறு மைலுக்கு 60,000 சுற்று. மர முளை மரத் துளையில் இத்தனை தடவை தேய்வதை எண்ணினால் வழியெல்லாம் மசகு தடவிக்கொண்டே போனது ஏன் என்று புரியும்.

வண்டியில் ஏற்றாதது ஏன்?

வண்டிக்குச் சாலை வேண்டும், பாலம் வேண்டும், இரண்டு மூன்று ஜோடி விலங்கு வேண்டும். உருட்டுவதற்கு ஒரு குதிரை அல்லது ஓர் இணை எருதும் மரம் வெட்டி விலக்கிய தடமும் போதும். 18ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சாலைகள் மேம்பட்ட இடங்களில் வண்டி மெல்ல மெல்ல இடம் பிடித்தது. நல்ல இலை வைத்திருந்தவர்கள் வண்டியையே விரும்பினார்கள், இலைக்குச் சேதம் குறைவு என்பதால்.

உருட்டுப் பாதைகள் எப்படிப் போட்டார்கள்?

நேர்கோட்டில் அல்ல. ஓடையைக் கடப்பதுதான் பெரிய ஆபத்து. அதனால் இரண்டு ஓடைகளுக்கு நடுவிலுள்ள மேட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு, வளைந்து வளைந்து, துறைக்கு வந்து சேருவார்கள். தூரம் கூடினாலும் பரவாயில்லை, தண்ணீரில் இறங்கக் கூடாது. பழைய வரைபடத்தில் அர்த்தமில்லாமல் நெளிவது போலத் தோன்றும் இந்தப் பாதைகளை நில மட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் இருக்கும். சரிவான பக்கவாட்டு நிலமும் ஆகாது, பீப்பாய் சாய்ந்து தடத்தை விட்டு ஓடிவிடும்.

வழியில் என்னவெல்லாம் கெட்டது?

வளையம் அறுவதுதான் முதல் தொல்லை. ஒன்று அறுந்தால் பக்கத்து வளையத்தில் பாரம் கூடி அதுவும் போகும். கவனிக்காமல் விட்டால் சட்டங்கள் விரிந்து பீப்பாய் நடுவழியில் மலர்ந்துவிடும். அதனால் கோடரி, சுத்தியல், ஆணி, மாற்று வளையம் இல்லாமல் யாரும் கிளம்பமாட்டார்கள். முளை ஒடிந்தால் காட்டிலேயே மரம் வெட்டிப் புதிது செய்யலாம்.

தண்ணீர் புகுந்தால்தான் மீட்பு கிடையாது. ஓடையில் இறக்கிய பீப்பாய் கரையேறும்போது வெளியே உலர்ந்ததாகவே தெரியும். சட்டத்தை ஒட்டிய ஓரிரு அங்குலம் மட்டும் நனைந்திருக்கும். இரண்டு வாரம் கழித்துக் கிடங்கில் திறந்தால் அந்த நனைந்த ஓரத்திலிருந்து பூஞ்சை உள்ளே ஏறியிருக்கும். நல்ல இலையைக் காப்பாற்ற ஓரத்தை வெட்டி எறிய வேண்டியதுதான். எடையில் அவ்வளவும் நட்டம். மணற்பாங்கான இடத்தில் இன்னொரு சிக்கல், சட்ட இடுக்கு வழியே மண் ஏறி இலையைக் கெடுக்கும்.

உருட்டியவர்கள் யார்?

சிறு விவசாயிகள் தாங்களே போனதுண்டு. பக்கத்துத் தோட்டத்தார் சேர்ந்து பல பீப்பாய்களோடு ஒன்றாகக் கிளம்புவார்கள், ஏற்றத்தில் ஒருவர் விலங்கை இன்னொருவர் பூட்டிக்கொள்ள வசதி. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் இந்த உழைப்பின் பெரும்பங்கு அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களுடையது. நாற்று விட்டது, புழு பொறுக்கியது, பீப்பாய் செய்தது, மிதித்து அடைத்தது, உருட்டியது, படகு ஓட்டியது எல்லாம் அவர்களே. மாவும் பன்றி இறைச்சியும் ஒரு வாணலியும் ஏர்க்கால் கழியில் கட்டிக்கொண்டு, காட்டில் தீ மூட்டிப் படுத்து, வாரக்கணக்கில் நடந்தார்கள். பீப்பாயின் மேல் பொறித்த முத்திரை தோட்ட உரிமையாளருடையது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் பெயர் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை. புகையிலை வணிகத்தைப் பற்றிப் பேசும்போது இதை ஓர் அடிக்குறிப்பாக வைப்பது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து.

துறையில் இருந்த கிடங்கில் என்ன நடந்தது?

ஆரம்பத்தில் அது வெறும் சேமிப்புக் கொட்டகை, உருட்டு வீடு என்றே அழைத்தார்கள். குப்பை இலையை நடுவில் வைத்து நல்ல இலையை மேலே பரப்பும் மோசடி பெருகி, ஐரோப்பாவில் வர்ஜீனியா இலையின் விலை சரிந்தது. ஆளுநர் வில்லியம் கூச் காலத்தில் 1730இல் சோதனைச் சட்டம் வந்தது. சோதிக்காத புகையிலை கப்பலேறக் கூடாது; சோதனை அரசுக் கிடங்கில் மட்டும். மேரிலாந்து 1747இல் இதையே பின்பற்றியது.

சோதனை இப்படி நடக்கும். பீப்பாயை நிமிர்த்தி, தலைப்பலகையை எடுத்து, சட்டத்தைத் தளர்த்திக் கழற்றுவார்கள். இலை அவ்வளவு இறுகியிருக்கும், பீப்பாய் போனாலும் உருளை வடிவம் அப்படியே நிற்கும். இரும்புக் கம்பியைப் பக்கவாட்டில் குத்தி, பல இடங்களில் நெம்பித் திறந்து, கட்டுகளை உருவிப் பார்ப்பார்கள். நிறம், வாசனை, ஈரம், மண், காம்புக் குப்பை எல்லாம் சரியாக இருந்தால் பீப்பாயை மறுபடி மாட்டி, கலைந்த இலையைக் கிடங்கின் நெம்புகோலால் அழுத்தி, மூடி, நிறுத்து, கிடங்கின் பெயர், வரிசை எண், மொத்த எடை, வெற்றெடை ஆகியவற்றைப் பொறிப்பார்கள். பகுதி மட்டும் மோசமென்றால் உரிமையாளர் நல்லதைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஒதுக்கப்பட்டது கிடங்கு வாசலிலேயே எரிக்கப்படும்.

இதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. மட்டமான நிலத்தில் மட்டமான இலை விளைவித்த சிறு விவசாயிகளுக்கு ஓராண்டு உழைப்பு கண்ணெதிரே சாம்பலாகும். 1732இல் வர்ஜீனியாவின் வடக்குப் பகுதியில் சில கிடங்குகளுக்கே தீ வைத்தார்கள். ஆனாலும் சட்டம் நிலைத்தது. அதற்குப் பின் விலையும் தேறியது.

சோதனைச் சீட்டைப் பணமாகச் செலவழித்தார்கள் என்கிறார்களே?

ஆமாம். சோதனை முடிந்ததும் அதிகாரிகள் சீட்டு தருவார்கள். ஒரு வகை, இன்ன எண்ணுள்ள பீப்பாய் இன்னாருடையது என்று குறிப்பிடும். இன்னொன்று, உதிரியாகக் கொண்டுவந்து ஒப்படைத்த இலைக்கு இத்தனை பவுண்டு எடை என்று மட்டும் சொல்லும். நாணயம் அரிதான அந்த நாட்டில் இந்தச் சீட்டால் வரி கட்டலாம், கடன் தீர்க்கலாம். திருச்சபைப் பாதிரியாரின் ஆண்டுச் சம்பளமே 16,000 பவுண்டு புகையிலை என்று சட்டத்தில் இருந்தது. 1758இல் விளைச்சல் குறைந்து விலை எகிறியபோது, அந்தச் சம்பளத்தைப் பவுண்டுக்கு 2 பென்ஸ் என்ற கணக்கில் காசாகக் கொடுத்தால் போதும் என்று சட்டமன்றம் முடிவு செய்தது. இதனால் இழந்த சம்பளத்தைக் கேட்டுப் பாதிரியார் தொடுத்த வழக்கில்தான் 1763இல் பேட்ரிக் ஹென்றி என்ற இளம் வழக்கறிஞர் பெயர் பெற்றார்.

உள்நாட்டில் ஆறுகள் இருந்தனவே, படகில் கொண்டுவரவில்லையா?

வர்ஜீனியாவின் ஆறுகளில் ஓரிடத்தில் பாறைப் படிகளும் அருவிகளும் குறுக்கிடும். அதற்குக் கீழே கடலின் ஏற்றவற்றம் எட்டும், பெரிய கப்பலே உள்ளே வரும். அதற்கு மேலே பாறையும் ஆழமற்ற நீரும்தான். ரிச்மண்ட், பீட்டர்ஸ்பர்க், ஃபிரெடரிக்ஸ்பர்க் நகரங்கள் சரியாக அந்த எல்லையில் உருவானவை. சரக்கு வாகனம் மாற வேண்டிய இடங்கள் அவை.

மேல் ஆற்றுக்கு முதலில் கிடைத்த நல்ல வழி இரட்டைத் தோணி. ராபர்ட் ரோஸ் என்ற பாதிரியார் 1740களில் ஜேம்ஸ் ஆற்றில் இதைப் பரப்பினார். ஒரே மரத்தைக் குடைந்த இரண்டு நீண்ட தோணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறுக்குச் சட்டத்தால் பிணைத்து, மேலே நெடுக்குக் கட்டைகள் பதித்து, எட்டு ஒன்பது பீப்பாய்களை அதன்மேல் உருட்டி ஏற்றுவார்கள். இறங்கும்போது ஆறே இழுத்துச் செல்லும். திரும்பும்போது பிணைப்பைக் கழற்றி, தனித்தனித் தோணியாகக் கழி ஊன்றி மேலேறுவார்கள்.

1771 மே மாதப் பெருவெள்ளம் ஜேம்ஸ் ஆற்றிலும் மற்ற ஆறுகளிலும் தோணிகளையும் கிடங்குகளையும் அடித்துக்கொண்டு போனது. அரசுக் கிடங்கில் இருந்த சோதித்த புகையிலைக்கு அரசே பொறுப்பு என்பதால், அந்த ஜூலையில் சட்டமன்றம் சிறப்பாகக் கூடி இழப்பீட்டுக்கு வழி செய்தது. சீட்டின் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கை அதனால் குலையவில்லை.

பேட்டோ படகு என்றால் என்ன?

வெள்ளத்துக்குப் பிறகு தோணிக்கு ஏற்ற பெருமரம் கிடைப்பது அரிதானது. ஆந்தனி ரக்கர், பெஞ்சமின் ரக்கர் சகோதரர்கள் பலகையாலேயே தட்டையடிப் படகைக் கட்டினார்கள். 40 முதல் 60 அடி நீளம், ஆறு முதல் எட்டு அடி அகலம், இரண்டு முனையும் கூர். பாரம் ஏற்றினாலும் கொஞ்சம் தண்ணீரே போதும். பாறைக்கு மேல் வழுக்கிப் போய்விடும். பத்துப் பன்னிரண்டு பீப்பாய் பிடிக்கும். மூன்று பேர்: இருவர் பக்கவாட்டில் கழி ஊன்றுவார்கள், ஒருவர் பின்னால் நீண்ட துடுப்பால் திசை பிடிப்பார்.

ஆற்றைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கே இது சாத்தியம். நீர்மட்டம் ஓரடி மாறினால் எந்தப் பாறை எட்டிப் பார்க்கும், எந்தப் பாறை மறைந்திருக்கும் என்பதே மாறிவிடும். இந்தப் படகோட்டிகளில் பெரும்பாலோர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினத்தவர், சிலர் விடுதலை பெற்றவர்கள். அவர்கள் திறமையைச் சார்ந்தே மேல் ஜேம்ஸ் பள்ளத்தாக்கின் வணிகம் நடந்தது.

கப்பலில் எப்படி ஏற்றினார்கள்?

கப்பல் ஆற்று நடுவில் நங்கூரமிட்டு நிற்கும். துறையிலிருந்து தட்டைப் படகிலோ ஒற்றைப் பாய்மரச் சிறு கலத்திலோ பீப்பாய்களை ஏற்றிக் கப்பல் பக்கம் கொண்டுபோய், கயிற்றுக் கண்ணியில் மாட்டிக் கப்பியால் தூக்கி, சரக்கறையில் இறக்குவார்கள். படுக்கை வாட்டில், உருளாதபடி ஆப்பு வைத்து, இரண்டு பீப்பாய்க்கு இடையிலுள்ள பள்ளத்தில் மேல் வரிசைப் பீப்பாய் உட்காரும்படி அடுக்க வேண்டும். அடித்தண்ணீர் படாமல் கீழே கட்டை பரப்பியிருப்பார்கள். கடைசி வரிசையைத் திருகு வைத்து நெருக்கித் திணிப்பதும் உண்டு. சட்டம் நொறுங்கினால் பழி தோட்டத்துப் பீப்பாய்த் தச்சர் மேல் விழும்.

கப்பல் எவ்வளவு காலம் காத்திருக்கும்?

17ஆம் நூற்றாண்டில் மாதக்கணக்கில். ஒவ்வொரு தோட்டத் துறையாகப் போய் நாலு பீப்பாய், ஆறு பீப்பாய் என்று சேர்க்க வேண்டியிருந்தது. காத்திருக்கும் மாலுமிக்குச் சோறும் சம்பளமும் போவதோடு, கோடையில் உப்புநீரில் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு அடிப்பலகையைத் தின்னும். அதற்கு அஞ்சியே பல கப்பல்கள் நன்னீர் இருக்கும் மேற்பகுதிவரை ஏறிப் போய் நின்றன.

1707இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்துடன் இணைந்ததும் கிளாஸ்கோ வணிகர்களுக்குச் சட்டப்படி கதவு திறந்தது. அவர்கள் ஆற்றங்கரையில் கடை வைத்து, முகவர்களை அமர்த்தி, துணியும் இரும்புச் சாமானும் கடனுக்குக் கொடுத்து, புகையிலையை முன்கூட்டியே வாங்கிக் கிடங்கில் சேர்த்து வைத்தார்கள். கப்பல் வந்ததும் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கிளாஸ்கோ புகையிலையில் முன்னணிக்கு வந்ததற்கு இதுவும் பெரிய காரணம். கிளைட் ஆறு ஆழமற்றது என்பதால் அவர்கள் கப்பல்கள் போர்ட் கிளாஸ்கோவிலும் கிரீனக்கிலும் சரக்கை இறக்கின. அதில் பெரும்பகுதி பிரான்சுக்கும் ஹாலந்துக்கும் மறு ஏற்றுமதியாகப் போனது.

பழைய துறைகள் பல இன்று கடலே இல்லாத ஊர்களாக இருக்கின்றனவே?

புகையிலையே காரணம். மூன்று நான்கு ஆண்டில் நிலத்தின் சத்தை உறிஞ்சிவிடும். புதிய காட்டை வெட்டுவார்கள். வெறுமையான நிலத்திலிருந்து மழை மண்ணை அரித்துச் சிற்றாறுகளில் கொட்டும். வர்ஜீனியாவில் டம்ஃப்ரீஸ், மேரிலாந்தில் போர்ட் டொபாக்கோ, பிளேடன்ஸ்பர்க் ஆகிய மூன்றும் பெருங்கப்பல் வந்த துறைகள். மூன்றும் வண்டலால் தூர்ந்துபோயின.

உருட்டும் வழக்கம் எப்போது நின்றது?

ஒரே நாளில் அல்ல. வண்டிச் சாலை, ரிச்மண்ட் அருவியைச் சுற்றிப் போன கால்வாய், பிறகு 1840இல் லிஞ்ச்பர்க்வரை எட்டிய ஜேம்ஸ் ஆற்றுக் கால்வாய், அதன்பின் ரயில் என ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. பீப்பாய் மட்டும் போகவில்லை. ரயில் பெட்டியிலும் அதே ஹாக்ஸ்ஹெட்தான் ஏறியது.

இப்போது நேரில் பார்க்க என்ன இருக்கிறது?

பால்டிமோர் அருகே கேட்டன்ஸ்வில் வழியாகப் போகும் ரோலிங் ரோடு இன்றும் போக்குவரத்துள்ள சாலை; எல்க்ரிட்ஜ் துறைக்குப் பீப்பாய் உருண்ட தடம் அது. வர்ஜீனியாவின் அர்பானாவில் ஸ்காட்லாந்து முகவர்களின் 18ஆம் நூற்றாண்டுக் கடைக் கட்டடம் நிற்கிறது. 1980களில் ரிச்மண்டில் கட்டட வேலைக்காகப் பழைய கால்வாய்க் குளத்தைத் தோண்டியபோது பேட்டோ படகுகளின் மரப்பகுதிகள் கிடைத்தன. அவற்றை அளந்துதான் இன்றைய மாதிரிப் படகுகளைக் கட்டினார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் லிஞ்ச்பர்க்கிலிருந்து ஜேம்ஸ் ஆற்றில் அந்தப் படகுகள் ஒரு வாரத்துக்கும் மேலாக இறங்கி வருகின்றன. போகிறவர்கள் நீர்மட்டம் குறைந்த நாளாகப் பார்த்துப் போனால், பாறைகளுக்கு நடுவே படகுக்கென்று ஒதுக்கிய பழைய கால்வழிகளும் கல் அணைகளும் தெரியும்.